இக்போ 'மூதாதையர் சிற்பங்கள்': பெயரும் பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

நைஜீரியாவின் தென்கிழக்குப் பகுதியில் வாழும் இக்போ மக்களின் மரச்சிற்பங்கள் அருங்காட்சியகக் குறிப்புகளிலும் கலைச்சந்தையிலும் 'மூதாதையர் உருவங்கள்' என்னும் பொதுப்பெயரால் நெடுங்காலமாக அறியப்பட்டு வந்துள்ளன. அப்பெயரால் சுட்டப்படும் நன்கறியப்பட்ட பேருருவங்கள் மூதாதையரைக் குறிப்பன அல்ல. அவை அலுசி எனப்படும் ஊர்க்காவல் தெய்வங்களின் உருவங்கள். இக்போ மரபில் மூதாதையர் உறையும் இடங்கள் வேறு. அவற்றுள் பல, சிற்பம் என்று சொல்லத்தக்க வடிவம்கூட இல்லாதவை. இக்கட்டுரை ஓஃபோ, ஒக்போசி, முகமூடி, அலுசி, இக்கெங்கா, ம்பாரி ஆகிய வடிவங்களை அவற்றின் சடங்குச் சூழலில் வைத்து வாசிக்கிறது. பெயரிடலில் நேர்ந்த பிழை கலைத்திறனாய்வின் பிழையாக மட்டும் நின்றுவிடவில்லை என்பதையும், யாருடைய பொருள் எது என்ற உடைமை வினாவையும் அது மறைத்துவிட்டது என்பதையும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: இக்போ, அலுசி, இக்கெங்கா, ஓஃபோ, ம்பாரி, மூதாதையர் வழிபாடு, கலைப்பொருள் மீட்பு

1. முன்னுரை

2020ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் பாரிஸ் நகரில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் இரண்டு இக்போ மரச்சிற்பங்களை விற்பனைக்கு வைத்தது. ஒன்று ஆணுரு, மற்றது பெண்ணுரு. இரண்டும் நேர்நின்ற கோலத்தில் உள்ளங்கைகளை மேல்நோக்கி நீட்டியவை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கலைவரலாற்றுப் பேராசிரியரும் இக்போ இனத்தவருமான சிக்கா ஒக்கெக்கே-அகுலு இவ்விற்பனையை வெளிப்படையாக எதிர்த்தார். நைஜீரிய உள்நாட்டுப் போர்க்காலத்தில் (1967-1970) இக்போ ஊர்களின் கோயில்களிலிருந்து கவர்ந்து செல்லப்பட்டவற்றுள் இவையும் அடங்கும் என்பது அவர் வாதம். நைஜீரியாவின் அருங்காட்சியகங்களுக்கும் நினைவுச்சின்னங்களுக்குமான தேசிய ஆணையமும் விற்பனையை நிறுத்தக் கோரியது. விற்பனை சட்டப்படி முறையானதே என்று நிறுவனம் கூறியது. ஏலம் நடந்தது; சிற்பங்கள் 2,12,500 யூரோவுக்கு விலைபோயின.

இவ்வழக்கின் மையத்தில் இருந்தவை அலுசி உருவங்கள். இத்தகைய உருவங்களைப் பற்றி ஐரோப்பிய மொழிகளில் எழுதப்பட்டவற்றில் 'மூதாதையர் சிலை' என்ற சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. ஆப்பிரிக்க மரச்சிற்பம் எதுவாயினும் அது முன்னோர் வழிபாட்டைச் சார்ந்ததாகத்தான் இருக்கும் என்ற முன்முடிவு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிச் சேகரிப்பாளரிடையே பரவலாக இருந்தது. நின்ற கோலம், இறுகிய முகம், பழமைபட்ட மரம் என்னும் மூன்றும் ஒருங்கே அமைந்தால் 'முன்னோர்' என்று எழுதிவிடுவது எளிதாயிற்று. எளிமை கருதி இடப்பட்ட அப்பெயர் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

2. இக்போ நிலமும் சமூக அமைப்பும்

இக்போ நிலம் நைஜர் ஆற்றின் இருமருங்கிலும் பரந்துள்ளது. பெரும்பகுதி ஆற்றுக்குக் கிழக்கே அமைந்தது. ஒனிட்சா போன்ற சில இடங்களில் அரசரும், ந்ரி என்னுமிடத்தில் சமயத் தலைமை கொண்ட வேந்தரும் இருந்தனர். எனினும் பெரும்பாலான ஊர்கள் மையப்பட்ட முடியாட்சி இன்றியே தம்மைத் தாமே ஆண்டன. குடிவழி முதியோர், ஓசோ முதலிய பட்டங்களைப் பெற்றோர், வயதுக் குழுவினர், முகமூடிச் சங்கத்தார் ஆகியோர் கூடி முடிவெடுப்பதே மரபு. ஊருக்கு ஊர் தெய்வங்களும் வழக்காறுகளும் சொற்களும் வேறுபட்டன. 'இக்போ சிற்பம்' என்ற ஒற்றைத் தொடர் இவ்வேறுபாடுகளை விழுங்கிவிடும் இயல்புடையது என்பதை முதலிலேயே மனங்கொள்ள வேண்டும்.

சமய அமைப்பில் சுக்வு என்னும் பரம்பொருள் மேலே உள்ளது. சுக்வுவுக்கு உருவம் சமைக்கும் வழக்கம் இல்லை. மண்ணின் தெய்வமாகிய ஆலா அறத்தின் காவலாள். கொலை, முறைகெட்ட உறவு முதலியன ஆலாவுக்கு எதிரான குற்றங்களாகக் கொள்ளப்பட்டன. ஒவ்வொரு மனிதருக்கும் 'ச்சி' எனப்படும் தனித்தெய்வம் உண்டு. இவற்றோடு அலுசி எனப்படும் ஊர்த்தெய்வங்களும், முன்னோராகிய ந்டிச்சியேயும் உள்ளனர். அலுசியும் ந்டிச்சியேயும் வெவ்வேறு வகையினர். ஒருவர் இறந்து முன்னோராகலாம். அலுசியோ ஆறு, காடு, மலை, சந்தைநாள் ஆகியவற்றோடு பிணைந்த ஆற்றல். இவ்வேறுபாட்டை மறந்தால் இக்போ சிற்பத்தை வாசிக்க இயலாது.

இம்மரபின் தொன்மைக்கு இக்போ-உக்வு சான்று. 1938இல் அவ்வூரைச் சேர்ந்த ஐசாயா அனோசி தம் வீட்டு வளாகத்தில் நீர்த்தொட்டிக்காகக் குழி தோண்டியபோது செம்புக் கலவையாலான பொருள்கள் வெளிப்பட்டன. தர்ஸ்டன் ஷா 1959-60இலும் 1964இலும் அங்கு அகழாய்வு செய்தார். பொருள்கள் ஏறத்தாழக் கி.பி. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை எனக் கணிக்கப்பட்டன. அகழ்ந்த இடங்களுள் ஒன்று, உயர்நிலை பெற்ற ஒருவரின் அடக்க அறை. அவர் அமர்ந்த நிலையில் புதைக்கப்பட்டிருந்தார். மணிமுடி, மார்புத் தகடு, யானைத் தந்தங்கள், ஆயிரக்கணக்கான மணிகள் ஆகியன உடனிருந்தன. அவ்வறையில் அவருடைய நிலையைச் சொல்வன அவர் அணிந்தவையும் ஏந்தியவையுமான பொருள்கள். இறந்தவரை உருவச்சிலையால் நினைவுகூராமல் பதவிப் பொருள்களால் நினைவுகூரும் இவ்வியல்பு பிற்கால இக்போ வழக்கத்தோடு ஒத்துச் செல்கிறது.

3. முன்னோர் உறையும் இடங்கள்

இக்போ குடும்பத் தலைவனின் முன்கூடம் ஓபி எனப்படும். விருந்தினரை வரவேற்பதும் கோலாக்கொட்டையை உடைத்து வேண்டுதல் சொல்வதும் அங்கேதான். முன்னோருக்குரிய பொருள்களும் அங்கேயே வைக்கப்பட்டன. அவற்றுள் தலையாயது ஓஃபோ. அதே பெயருடைய மரத்திலிருந்து பெறப்படும் சிறு கிளைத்துண்டு அது. கிளை தானே உதிர்ந்து விழுவது தெய்வச் செயலாகக் கருதப்பட்டது. குடிவழியின் மூத்த மகன் வழியாக இறங்கி வரும் ஓஃபோ, உண்மைக்கும் நீதிக்கும் முன்னோர் தந்த அதிகாரத்துக்கும் அடையாளம். அதைக் கையில் ஏந்திச் சொல்லப்படும் சொல் பொய்யாகக் கூடாது. பலிக்குருதியும் காலமும் படிந்து கறுத்த அந்த மரத்துண்டில் முகம் இல்லை, கண் இல்லை, செதுக்கு வேலைப்பாடும் பெரும்பாலும் இல்லை. கலைச்சந்தையின் கண்ணுக்கு அது சிறு கட்டை. இக்போ இல்லத்திலோ முன்னோரின் முழுமையான இருப்பு அதுவே.

ஒக்போசி என்னும் சிறு மரவடிவங்களும் முன்னோரைக் குறிப்பவை. இவை மிக எளிமையாகச் செதுக்கப்பட்டவை. முன்னோருக்கெனக் கோலாவும் பனங்கள்ளும் படைக்கப்படும்போது இவற்றின்மேல் சொரியப்படும். ஒக்போசி எதுவும் இன்ன தந்தையின் முகம், இன்ன பாட்டனின் தோற்றம் என்று சாயல் காட்டுவதில்லை.

சாயல் காட்டாமைக்குக் காரணம் இக்போ சிந்தனையில் தெளிவாகவே உள்ளது. ஒருவர் இறந்த மாத்திரத்தில் முன்னோராகிவிடுவதில்லை. நல்வாழ்வு வாழ்ந்து, மக்களைப் பெற்று, நல்ல சாவு எய்தி, அதன்பின் இரண்டாம் ஈமச்சடங்கும் முறையாக நிறைவேறினால்தான் அவர் முன்னோர் வரிசையில் இடம்பெறுவார். அவ்வாறு சென்றவர் அதே குடியில் குழந்தையாக மீண்டும் பிறப்பார் என்பதும் நம்பிக்கை. பிறந்த குழந்தை யாருடைய மறுவரவு என்று குறி கேட்டு அறிந்து, அவரை நினைந்து பேணும் வழக்கம் இருந்தது. முன்னோரின் உயிருள்ள உருவம் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருக்கும்போது மரத்தில் அவருக்கு உருவம் சமைக்கும் தேவை எழவில்லை எனலாம்.

முன்னோர் ஊர்ப்பொதுவில் தோன்றும் வடிவம் ம்மான்வு எனப்படும் முகமூடி. இறந்தோர் மண்ணுக்கடியிலிருந்து எழுந்து வருவதாகவே முகமூடியின் வரவு கொள்ளப்படும். குரல் மாற்றிப் பேசுவர். சங்கத்தில் சேர்க்கப்படாதவருக்கு உள்ளிருப்பவர் யாரென்பது மறைபொருள். சினுவா அச்செபே 1958இல் வெளியிட்ட முதல் நாவலில் முகமூடி அணிந்த முன்னோர் வழக்கு விசாரித்துத் தீர்ப்பு வழங்கும் பகுதி, இவர்களின் நீதி அதிகாரத்தைக் காட்டுகிறது. அதே நாவலில் கிறித்தவனாக மாறிய ஒருவன் முகமூடியைப் பிறர் முன்னிலையில் கிழித்தெறிவது முன்னோரைக் கொன்ற குற்றமாகவே எண்ணப்படுகிறது. மரத்தைச் சிதைத்ததற்கான சினம் அன்று அது.

அவ்கா, ந்ரி வட்டாரங்களின் கன்னி முகமூடிகள் வெண்ணிற முகம், நுண்ணிய மூக்கு, சிறிய வாய், உயர எழுந்த கொண்டை ஆகியவற்றால் உலகப் புகழ் பெற்றவை. வெண்மை ஆவியுலகின் நிறம். இவற்றை அணிந்து ஆடுவோர் ஆடவர். ஆடை, நடை, குழலிசை, கூட்டத்தின் ஆரவாரம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே முகமூடி. கண்ணாடிப் பேழைக்குள் தொங்கும் முகப்பகுதி, அம்முழுமையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு துண்டு.

4. அண்டையர் மரபு: ஓர் ஒப்பீடு

இறந்த முன்னோருக்கு மரவுருவம் சமைக்கும் மரபு அப்பகுதியில் இல்லாமலில்லை. குறுக்காறு எனப் பொருள்படும் கிராஸ் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் ஓரோன் மக்களின் எக்பு உருவங்கள் உண்மையான முன்னோர் சிற்பங்கள். குடிவழியின் மூத்தோர் இறந்தபின் வன்மரத்தில் செதுக்கப்பட்டுப் பொது மன்றத்தில் நிறுத்தப்பட்டவை அவை. நீண்ட தாடியும் உருண்ட வயிறும் கைகளில் ஏந்திய பதவிப் பொருள்களும் முதுமைக்கும் மதிப்புக்கும் அடையாளங்கள். நைஜீரியத் தொல்பொருள் துறைக்கு அடித்தளமிட்ட கென்னத் மரே இவற்றைக் காக்க முயன்றார். எனினும் உள்நாட்டுப் போரில் பெருந்தொகையானவை அழிந்தும் களவுபோயும் மறைந்தன.

நைஜர் கழிமுகத்துக் கலபாரி மக்களும் இறந்த வணிகக்குழுத் தலைவருக்கு மரத்தால் நினைவுத் திரைகள் அமைத்தனர். நடுவில் தலைவர், இருபுறமும் ஏவலர், சட்டகத்தின்மேல் தலைகள் என அமைந்த அத்திரைகளுள் சிலவற்றைப் பிரித்தானிய அதிகாரி பி.ஏ. டால்பட் 1916இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். தலைவர் அணிந்து ஆடிய முகமூடியே திரையிலுள்ள அவர் உருவத்தின் தலையில் சூட்டப்பட்டு, அவர் இன்னாரென்று அறியச் செய்கிறது.

ஓரோன், கலபாரி ஆகிய இரு மரபுகளிலும் குறிப்பிட்ட ஓர் இறந்தவர், குறிப்பிட்ட ஒரு குடி, குறிப்பிட்ட ஓர் உருவம் என்னும் பிணைப்பு உள்ளது. 'மூதாதையர் சிற்பம்' என்ற பெயர் அங்குப் பொருந்தும். இக்போவின் பேருருவங்களில் இப்பிணைப்பு இல்லை. மூன்று மரபுகளையும் ஒரே பெயரால் அழைப்பது, அண்டை மக்கள் தத்தம் இறந்தோரைப் பற்றி வெவ்வேறாகச் சிந்தித்தனர் என்ற உண்மையையே அழித்துவிடுகிறது.

5. அலுசி: திறந்த கைகளின் வடிவம்

அலுசி உருவங்கள் நைஜருக்குக் கிழக்கே வட-நடு இக்போ பகுதியில் மிகுதி. சில ஆள் உயரத்தை எட்டுவன. ஹெர்பர்ட் கோல், சிக்கே அனியாக்கோர் ஆகியோர் 1984இல் வெளியிட்ட இக்போ கலைகள் பற்றிய பெருநூல் இவ்வுருவங்களை விரிவாக ஆராய்ந்துள்ளது. நேர்முக நோக்கு, இருபுறச் சமநிலை, நீண்ட கழுத்து, உடலைவிட்டு விலகி முன்னீண்ட கைகள் ஆகியன பொதுக்கூறுகள். நெற்றியிலும் கன்னப்பொறிகளிலும் இச்சி எனப்படும் தழும்புக் கோடுகள் காணப்படும். இவை பட்டம் பெற்ற ஆடவர் தம் முகத்தில் வரைந்துகொண்ட சிறப்படையாளங்கள். செம்மரப்பொடியும் வெண்களிமண்ணும் கருநிறமும் உடலில் பூசப்பட்டன. பெண்கள் தம் உடலிலும் சுவரிலும் வரைந்த உலி ஓவியத்தின் கோடுகளும் சில உருவங்களில் இடம்பெற்றன.

விலகிய கைகளும் மேல்நோக்கிய உள்ளங்கைகளும் இவற்றின் தனிச்சிறப்பு. திறந்த கை ஈகையைக் குறிப்பது, ஒளிவுமறைவின்மையைக் குறிப்பது, படைப்பை ஏற்கும் ஆயத்தத்தையும் குறிப்பது. கொடுத்தலும் பெறுதலும் ஒரே சைகையில் அடங்குகின்றன. தெய்வத்துக்கும் ஊருக்கும் உள்ள உறவு இரு தரப்பும் கடமைப்பட்ட உறவு என்பதை இவ்வடிவமே சொல்லிவிடுகிறது. சிற்பியின் வெற்றி முகபாவத்தில் இல்லை. கை நிற்கும் கோணத்தில் உள்ளது. முகம் அசைவற்று, உணர்ச்சி காட்டாது நிற்க, உறவு முழுவதும் கைகளுக்கு இடம்பெயர்ந்திருக்கிறது.

அலுசிகள் தனித்து நிற்பதில்லை. தெய்வம், துணை, மக்கள், ஏவலர் என்று குடும்பமாகவே கோயிலில் அமைவர். திருவிழாக்காலத்தில் வெளியே கொணர்ந்து, ஆடை உடுத்தி, வண்ணம் புதுக்கி, ஊரார் முன் நிறுத்துவர். ஆகவே அருங்காட்சியகத்தில் ஆடையின்றி, வண்ணம் மங்கி, தனியாக நிற்கும் அலுசியை இக்போ ஊரார் எவரும் அந்நிலையில் கண்டு வழிபட்டதில்லை. நவீன ஐரோப்பியக் கலை நோக்கு வியந்து போற்றிய 'தூய வடிவம்', ஆடையும் வண்ணமும் உரிக்கப்பட்டதால் கிடைத்த வடிவம் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

ஊர் அலுசிக்குக் கட்டுப்பட்டதாயினும் அலுசியும் ஊருக்குக் கட்டுப்பட்டதே. அச்செபேயின் 1964ஆம் ஆண்டு நாவலில், ஆறு ஊர்கள் தம் பகைவருக்கு எதிராக ஒன்றுகூடி உலு என்னும் பொதுத்தெய்வத்தை உருவாக்கிக்கொள்கின்றன. தம்மைக் காக்கத் தவறிய தெய்வத்தை எல்லைக்குக் கொண்டுபோய் எரித்துவிட்ட மற்றோர் ஊரைப் பற்றியும் அந்நாவலில் பேச்சு வருகிறது. புனைவாயினும் இது இக்போ சமயச் சிந்தனையின் உண்மையான ஒரு கூறு. தெய்வ உருவம் ஊரின் உடன்பாட்டால் நிற்கிறது. அவ்வுடன்பாடு நீங்கினால் மீண்டும் மரமாகிறது.

6. இக்கெங்கா: வலக்கையின் தெய்வம்

அலுசி ஊருக்கு உரியது எனின் இக்கெங்கா தனியொருவனுக்கு உரியது. தலையில் இரு கொம்புகள், வலக்கையில் வாள் அல்லது கத்தி, இடக்கையில் வெட்டுண்ட தலை அல்லது தந்தம், இருக்கையில் அமர்ந்த கோலம் என்பது முழுமையான இக்கெங்காவின் அமைப்பு. சிறு உருளைக்கட்டையின்மேல் இரு கொம்புகள் மட்டுமே உள்ள எளிய வடிவங்களும் உண்டு. கொம்பு ஆட்டுக்கடாவை நினைவூட்டுவது. எதிர்ப்பட்டதைத் தலையால் முட்டி முன்செல்லும் துணிவின் குறி. வலக்கைக்கே 'இக்கெங்காவின் கை' என்று பெயர். உழுவதும் போரிடுவதும் வாணிகம் செய்வதும் அக்கையால்தான்.

இக்கெங்காவை ஒருவன் தன் ஓபியில் வைத்துப் படையலிடுவான். அதில் முன்னோரின் துணையும் வேண்டப்படும். ஆயினும் அது காட்டுவது அவனுடைய முயற்சியை, அவனுடைய வெற்றியை. செயல்படாத இக்கெங்காவை விறகாகப் பிளந்துவிடலாம் என்னும் கருத்துள்ள இக்போ பழமொழி பெயர்பெற்றது. உடையவன் இறந்தால் அவனுடைய இக்கெங்காவைப் பிளந்துவிடுவது சில பகுதிகளின் வழக்கம். ஒருவன் உயிரோடிருக்கையில் அவனது இக்கெங்காவைப் பிறன் பிளந்தால் அது கொலைக்கு ஒப்பு. மேற்சொன்ன 1964 நாவலில் இரு ஊர்களுக்கிடையே போர் மூள்வதற்கு இத்தகைய செயலே உடனடிக் காரணமாகிறது.

சேகரிப்பில் இக்கெங்காவையும் 'முன்னோர் உருவம்' என்று எழுதுவதால் நேரும் தலைகீழ் மாற்றம் இங்குத் தெளிவாகும். இறந்தவரோடு முடியவேண்டிய ஒன்று, இறந்தவரை நிலைநிறுத்தும் ஒன்றாகக் காட்டப்படுகிறது. உழைத்து முன்னேறும் மனிதனின் தன்மதிப்பைப் பேசும் சிற்பம், பழமைக்கு அடங்கிய மக்களின் அச்சத்தைப் பேசுவதாகத் திரிகிறது. காலனிய எழுத்து ஆப்பிரிக்கரைப் பற்றி வைத்திருந்த பொதுக்கருத்துக்கு இத்திரிபு நன்கு உதவிற்று.

7. ம்பாரி: அழிதற்கென்று ஆக்கப்பட்டது

ஓவெரி வட்டாரத்து ம்பாரி இல்லங்கள் மற்றொரு வினாவை எழுப்புகின்றன. பஞ்சமோ நோயோ வேறு துயரோ நேரும்போது ஆலா அல்லது பிற தெய்வத்தின் கட்டளையாகக் குறிசொல்வோர் அறிவிக்க, ஊர் ஒரு ம்பாரி கட்ட முனையும். தேர்ந்தெடுக்கப்பட்ட ஆண்களும் பெண்களும் வேலிக்குள் ஒதுங்கியிருந்து மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், கரையான் புற்றுமண் கொண்டு உருவங்கள் சமைப்பர். ஆலா குழந்தையுடன் அமர்ந்திருப்பாள். சூழ விலங்குகள், தொழிலாளர், தாய்மார், பிற்காலத்தில் மிதிவண்டியும் வெள்ளை அதிகாரியும்கூட. பணி முடிந்ததும் வேலி திறக்கப்பட்டு விழா நடக்கும். பின்னர் இல்லம் மழைக்கும் வெயிலுக்கும் விடப்படும். பழுதுபார்ப்பதில்லை, கட்டிமுடித்தலே படையல். மண் மண்ணோடு சேர்ந்தபின் தேவை எழுந்தால் புதியது கட்டுவர்.

இவ்வழக்கத்தைச் சுட்டி ஒரு வாதம் முன்வைக்கப்படுவதுண்டு. இக்போ மக்களே தம் கலைப்பொருள்களை அழியவிட்டனர். மரவுருவங்களையும் கரையான் அரிக்க விட்டிருப்பர். அவற்றை வெளியே கொண்டு சென்றவர் காப்பாற்றினர் என்பது அவ்வாதம். இது ஒரு புறம் வலிமையுடையதாகத் தோன்றினும் அடிப்படையில் பிழையுடையது. ம்பாரியை அழியவிட்டது அலட்சியமன்று. அழிதலும் சடங்கின் ஒரு பகுதியாக ஊரார் எடுத்த முடிவு. இக்கெங்காவைப் பிளப்பதும் உடன்பாடு குலைந்த தெய்வத்தை எரிப்பதும் அத்தகையனவே. ஒரு பொருளின் முடிவைத் தீர்மானிக்கும் உரிமை அதை ஆக்கியவரிடம் இருந்தது என்பதற்கே இவ்வழக்கங்கள் சான்று. அவ்வுரிமையைப் பிறர் எடுத்துக்கொள்ள இவை சான்றாகா.

8. இடம்பெயர்வும் உடைமையும்

இக்போ சிற்பங்கள் கோயில்களைவிட்டு நீங்கியது ஒரே வழியில் அன்று. 1857இல் ஒனிட்சாவில் கிறித்தவ ஊழியம் தொடங்கியபின் மதம் மாறியோர் தம் இல்லத்து இக்கெங்காவையும் ஓஃபோவையும் எரித்தனர். சிலர் ஊழியரிடம் ஒப்படைத்தனர். காலனிய அரசின் மானிடவியலாளர் நார்த்கோட் தாமஸ் 1910 முதல் 1913 வரை இக்போ ஊர்களில் சுற்றி ஆயிரக்கணக்கான பொருள்களையும் ஒளிப்படங்களையும் ஒலிப்பதிவுகளையும் திரட்டினார். அவர் சேகரித்தவற்றின் பெரும்பகுதி இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ளது. 1953ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் உரிய இசைவின்றி இத்தகைய பொருள்களை ஏற்றுமதி செய்வதைத் தடுத்தது. சட்டம் இருந்தும் போர் அதை மீறியது. பியாஃப்ரா போரில் ஊர்கள் வெறிச்சோடியபோது காவலற்ற கோயில்களிலிருந்து உருவங்கள் எல்லை கடந்தன. இன்றும் புதிய கிறித்தவக் குழுக்கள் சில, எஞ்சிய கோயில்களைச் சிலைவணக்கத்தின் எச்சமாகக் கருதி அழித்து வருகின்றன.

எனவே இழப்புக்குப் பொறுப்பானோர் வெளியாரும் உள்ளாரும் ஆவர். இவ்வுண்மையை மறைக்காமல் நின்றே உடைமை வினாவை எழுப்ப வேண்டும். இங்குத்தான் பெயரின் பொறுப்பு வெளிப்படுகிறது. ஓர் உருவம் 'முன்னோர் சிலை' எனின் அது ஒரு குடும்பத்தின் பொருள். குடும்பத்தலைவர் விரும்பினால் விற்றிருக்கலாம். விற்றவர் பெயர் தெரியாவிடினும் விற்றிருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம். அதே உருவம் அலுசி எனின் அது ஊர்ப்பொது. பூசாரி அதன் பணியாளரேயன்றி உரிமையாளர் அல்லர். ஊர் கூடி முடிவெடுக்காமல் அதை எவரும் விற்றிருக்க முடியாது. பெயர் மாறினால் மெய்ப்பிக்கும் கடமையும் கைமாறுகிறது. அலுசியை வாங்கியவரே, ஊரின் இசைவோடு அது வந்தது என்று காட்ட வேண்டியவராகிறார். 'மூதாதையர்' என்ற மங்கலான சொல் அக்கடமையை அறுபது, எழுபது ஆண்டுகளாகத் தள்ளிவைக்க உதவியிருக்கிறது.

மறுபுறம், திருப்பித் தரப்படும் அலுசி எங்கே செல்லவேண்டும் என்பது எளிய வினா அன்று. அதன் ஊரில் வழிபடுவோர் இல்லாமலிருக்கலாம். கோயில் இருந்த இடத்தில் தேவாலயம் எழுந்திருக்கலாம். ஊரார் அதை மீண்டும் நிறுவலாம், நாட்டின் அருங்காட்சியகத்தில் வைக்கலாம், விட்டுவிடவும் செய்யலாம். விடை எதுவாயினும் அதைச் சொல்லும் தகுதி அவ்வூருக்கே உண்டு.

மரபு முற்றிலும் அற்றுப்போய்விடவில்லை என்பதும் குறிக்கத்தக்கது. ஒனிட்சாவைச் சேர்ந்த சிற்பி பென் என்வொன்வுவின் (1917-1994) தந்தை மரபுவழிச் சிற்பி. தந்தையின் செதுக்குக் கருவிகள் மகனுக்கு வந்தன. மண்ணிலிருந்து எழும் பெண்ணாக அவர் வடித்த 'அன்யான்வு' என்னும் வெண்கலச் சிற்பத்தின் ஒரு படி ஐக்கிய நாடுகள் அவைக்கு நைஜீரியாவால் வழங்கப்பட்டது. உச்சே ஒக்கெக்கே (1933-2016) பெண்களின் உலிக் கோடுகளைத் தம் ஓவியத்துக்கு அடிப்படையாக்கி, ந்சுக்கா பல்கலைக்கழகத்தில் ஒரு தலைமுறைக் கலைஞருக்கு வழிகாட்டினார். இவர்கள் அலுசியைப் படியெடுக்கவில்லை. அதன் கோட்டையும் நிற்பையும் தம் காலத்துக்கு உரியதாக்கினர்.

9. முடிவுரை

இக்போ மரபில் முன்னோர் ஓஃபோவின் முகமற்ற மரத்திலும், ஒக்போசியின் எளிய வடிவிலும், ஆடும் முகமூடியிலும், மீண்டும் பிறந்த குழந்தையிலும் உறைகின்றனர். உலகம் 'இக்போ முன்னோர்' என்று அழைத்த பேருருவங்கள் ஊரின் உடன்பாட்டால் நின்ற தெய்வங்கள். கொம்புடைய சிற்பங்கள் வாழும் மனிதனின் முயற்சிக்கு அடையாளங்கள். மூன்றையும் ஒன்றாக்கிய பெயர் கலை வாசிப்பைக் குலைத்தது. அத்துடன் யாரிடம் இசைவு கேட்டிருக்க வேண்டும் என்ற வினாவையும் மழுங்கடித்தது.

அச்செபேயின் முதல் நாவல் 'சிதைவுகள்' என்னும் பெயரில் என்.கே. மகாலிங்கத்தின் மொழிபெயர்ப்பாகத் தமிழுக்கு வந்துள்ளமையால் இக்போ உலகம் தமிழ் வாசகருக்கு அறிமுகமற்றதன்று. இக்கலை பற்றித் தமிழில் எழுதுவோர் ஆங்கிலப் பட்டியல்களின் பொதுச்சொல்லை 'மூதாதையர் சிற்பம்' என்று அப்படியே பெயர்ப்பதைத் தவிர்த்து, அலுசி, இக்கெங்கா, ஓஃபோ என்னும் சொற்களையே கையாளுதல் நலம். முதல் வாசிப்பில் அச்சொற்கள் அயன்மையாக ஒலிக்கும். ஆயினும் ஒவ்வொரு சொல்லும், அப்பொருள் யாருக்கு உரியது என்பதைத் தன்னுள் கொண்டிருக்கிறது.